மூன்றாவது பை

தெஹியோவிட்ட பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் செல்லத்துரை முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டால், அவருடைய மனைவி இந்திராணி கோயிலுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொள்வாள். போன மழைக்காலத்தில் கருவாடு காயவில்லையென்று கடைக்குள்ளேயே நான்கு மின்விசிறிகளைச் சுற்றவிட்டார். கருவாடு காயவில்லை. அவிசாவளை பஸ்ஸில் போகிறவர்கள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

இந்த முறை யோசனை போன் வழியாக வந்தது. எங்கோ வெளிநாட்டில் வானத்தை முட்டிக்கொண்டு ஒரு தகரக் கோபுரம் நிற்கிறது. அதற்குப் பெயர் சைலோவாம். மேலே தானியத்தைக் கொட்டுகிறார்கள், கீழே கதவைத் திறக்கிறார்கள், தானியம் தானாக இறங்குகிறது. மூட்டையை அவிழ்த்து, சுண்டு அளவையால் அள்ளி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர வேண்டிய வேலையே இல்லை. செல்லத்துரை அந்த வீடியோவை ஏழு தடவை பார்த்தார். எட்டாவது தடவை பார்க்காமல் போய் ஆயிரம் லீட்டர் கறுப்புத் தண்ணீர் டேங்க் ஒன்றை வாங்கி வந்துவிட்டார்.

கடை வாசலில் இரும்புக் கால்கள் நட்டு, அதன் மேல் டேங்கை ஏற்றி, அடியில் நடுவாக ஓட்டை போட்டு, அகலமான பைப்பும் இழுத்துத் திறக்கும் தகரக் கதவும் வைத்தார். எதிர்க்கடை ஷிஹாப் ரோட்டைத் தாண்டி வந்து நிதானமாகப் பார்த்தார். தண்ணீர் டேங்கில் அரிசி போட்டால் அரிசி டேங்கில் தண்ணீர் பிடிப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அது செல்லத்துரைக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த டேங்கினால் கடைக்கு ஒரு கெட்ட பெயர் வந்தால், பஜாரில் அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆனாலும் மனிதர் சும்மா இருப்பாரா? ஒரு பேனர் அடித்தார். நவீன அரிசிக் கோபுரம், வெள்ளிக்கிழமை திறப்பு விழா, அதிர்ஷ்டசாலிக்கு அன்பளிப்பு என்று பெரிய எழுத்தில் போட்டார். என்ன அன்பளிப்பு என்று இந்திராணி கேட்டதற்கு, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பேனரில் இடம் மிச்சம் இருந்தது என்றார்.

வெள்ளிக்கிழமை காலை டேங்கின் விளிம்பு வரை சம்பா அரிசி நிரப்பி, தேங்காய் உடைத்து, தகரக் கதவை இழுத்தார்கள். இரண்டு கைப்பிடி அரிசி விழுந்தது. அதோடு நின்றுவிட்டது.

முதல் நாள் பெய்த மழையில் அரிசி கொஞ்சம் ஈரம் வாங்கியிருந்தது. பைப் வாய்க்கு மேலே ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு பாலம் கட்டிவிட்டது. மேலே எண்ணூறு கிலோ இருந்தும் கீழே ஒரு மணி இறங்கவில்லை. பை கொண்டுவந்த சனம் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஷிஹாப் நாற்காலியை வாசலுக்கே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

செல்லத்துரை ஏணியில் ஏறினார். டேங்கின் வாய்க்குள் நீட்டு மூங்கிலை விட்டுக் குத்தினார். தலையையும் உள்ளே விட்டு அரிசியைத் திட்ட ஆரம்பித்தார். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். செல்லத்துரைக்குச் சொந்தப் பல் என்று ஒன்றுகூடக் கிடையாது. முப்பது வருடமாகக் கித்துல் கருப்பட்டியை ருசி பார்த்து வாங்கிய ஆள். மேலும் கீழும் அவிசாவளையில் கட்டிய பல்செட்டுதான். அது வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஏழாவது குத்தில் பாலம் இடிந்தது. அரிசி நடுவில் குழி விழுந்து சரசரவென்று இறங்கியது. சந்தோஷம் தாங்காமல் செல்லத்துரை வாயை அகலத் திறந்து, வந்துருச்சு என்று கத்தினார். மேல் பல்செட்டு கழன்று போய்க் குழியின் நடுவில் விழுந்தது. அவர் கையை நீட்டுவதற்குள் அரிசி அதை மூடிவிட்டது. கீழே சனம் கைதட்டிக்கொண்டிருந்தது.

ஏணியில் நின்றபடியே அவர் யோசித்தார். கதவை மூடச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பதில் சொல்ல வாய் திறந்தால் விஷயம் வெளியாகிவிடும். அரிசிக்குள் முதலாளியின் பல் கிடக்கிறது என்று ஒரு ஆளுக்குத் தெரிந்தால் போதும், மத்தியானத்துக்குள் கரவனெல்லை வரை தெரிந்துவிடும். பிறகு இவர் கடையில் யார் அரிசி வாங்குவார்கள்? அப்போதுதான் அவருக்கு ஒரு ஆறுதல் தோன்றியது. பல் விழுந்தது எல்லா அரிசிக்கும் மேலே. முதலில் போட்டது முதலில் வரும், கடைசியில் போட்டது கடைசியில் வரும். ஞாயிற்றுக்கிழமை டேங்க் அடிமட்டத்துக்கு வந்ததும் கடையைச் சாத்திவிட்டு எடுத்துக்கொண்டால் முடிந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டு இறங்கினார்.

வியாபாரம் களைகட்டியது. ஆளுக்குப் பத்துக் கிலோ பை. மூன்றாவதாக நின்ற மருதாயி, தான்தான் முதலாவதாக வந்தவள் என்று எல்லோரிடமும் சண்டை போட்டுக்கொண்டே பையைத் தலையில் தூக்கிக்கொண்டு றப்பர் தோட்டத்து லய வீட்டுக்குப் போனாள். முதலாளி மட்டும் யாரிடமும் பேசவில்லை. சைகையில் விஷயத்தைப் புரிந்துகொண்ட இந்திராணி, கடைக்குப் பின்னால் போய்ச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஐந்து நிமிடம் சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அவருக்கு இன்னைக்கு மௌன விரதம்ங்க" என்றாள்.

சனம் உருகிவிட்டது. கோபுரம் திறக்கிற நாளில் இவ்வளவு பக்தியா என்று ஆச்சரியப்பட்டார்கள். சிங்களப் பெண் ஒருத்தி, முதலாளி பாவனா தியானம் செய்கிறார் போல, தொந்தரவு செய்யக் கூடாது என்று தன் பிள்ளையை அதட்டினாள். ஒருவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். முப்பது வருடம் பேசிப் பேசிச் சம்பாதிக்காத மரியாதையைச் செல்லத்துரை ஒரே காலையில் வாயை மூடிச் சம்பாதித்துவிட்டார்.

மத்தியானம் மூன்று மணிக்குத்தான் அவர் போட்ட கணக்கு உடைந்தது. டேங்கில் குழி பெரிதாகிவிட்டதால் இன்னொரு மூட்டை கொட்டும்படி நாட்டாமை தினேஷுக்குக் கைகாட்டினார். மூட்டை தூக்குகிற தினேஷுக்கு விரதம் இருக்கிற முதலாளியின் விரல் எந்தப் பக்கம் காட்டுகிறது என்று புரியவில்லை. சம்பாவுக்குப் பதிலாகச் சிவப்புப் பச்சையரிசியைக் கொண்டுபோய் மேலே கொட்டிவிட்டான். பரவாயில்லை, அது ஞாயிற்றுக்கிழமைதானே கீழே வரும் என்று செல்லத்துரை விட்டுவிட்டார்.

அதன் பிறகு வந்த முதலாவது பை வெள்ளை. இரண்டாவது பை வெள்ளை. மூன்றாவது பையில் சிவப்பு.

வாங்கிய ஆள் சம்பா கேட்டேனே என்று முணுமுணுத்தார். செல்லத்துரைக்கு அது காதில் விழவில்லை. ஏணியில் ஏறி உள்ளே பார்த்தார். ஓரமெல்லாம் காலையில் போட்ட சம்பா போட்டபடியே உட்கார்ந்திருந்தது, ஒரு மணி அசையவில்லை. நடுவில் மட்டும் கிணறு மாதிரி ஒரு வழி. மேலே விழுகிற எதுவும் அந்தக் கிணற்றுக்குள் சரிந்து மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு கீழே போகிறது. முதலில் வந்தவன் ஓரத்தில் காத்திருக்க, கடைசியில் வந்தவன் நடுவால் புகுந்து வேலையை முடித்துக்கொண்டு போவதை அவர் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் பார்த்திருக்கிறார். அரிசியும் அப்படித்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அப்படியென்றால் பல் காலையிலேயே போய்விட்டது. மூன்றாவது பை யாருடையது என்று இந்திராணியைக் கேட்கவே தேவையில்லை. மருதாயி போட்ட சண்டை இன்னும் பஜாரில் எதிரொலித்துக்கொண்டிருந்தது.

தெஹியோவிட்டயில் வாய் என்றால் அது மருதாயியின் வாய்தான். செல்லத்துரை ஒரு தாளை எடுத்து எழுதினார்: உங்கள் அரிசியில் இருப்பது என் பல். யாரிடமும் சொல்லாமல் தந்துவிடுங்கள், ஒரு மூட்டை அரிசி இலவசமாகத் தருகிறேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரீவீலரில் ஏறினார்.

லய வாசலில் கூட்டமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு உயிரே போய்விட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் மருதாயி பார்த்துவிட்டாள். ஓடிவந்து கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப் போனாள். கூட்டத்தின் நடுவில் அவள் புருஷன் முத்துவீரன் பலகையில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். றப்பர் பால் வெட்டி ஓய்ந்த மனிதர். வாயில் பல்லில்லாமல் ஆறு வருடமாகக் கஞ்சியையும் தேத்தண்ணியில் ஊறவைத்த ரொட்டியையும் விழுங்குகிறவர். இப்போது அவருடைய வாயில் மேல் வரிசை முழுவதும் பளபளத்தது. அந்தப் பல் செல்லத்துரைக்குத் தெரிந்த பல். வலது ஓரத்தில் இருக்கும் சின்ன வெடிப்புகூட அவருக்குத் தெரியும்.

அரிசி களையும்போது கையில் அகப்பட்டதாம். முதலில் பயந்து சட்டியைப் போட்டுவிட்டாளாம். பிறகுதான் பேனர் ஞாபகம் வந்ததாம். தேயிலைப் பெட்டிக்குள் கரண்டி போடுகிறார்கள், சவர்க்காரத்தோடு சீப்பு தருகிறார்கள், முதலாளி பல்லே தந்துவிட்டார் என்று மருதாயி எல்லோருக்கும் விளக்கினாள். மூன்று தடவை கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்தாளாம். கொஞ்சம் லூசு, மற்றபடி அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறதாம்.

செல்லத்துரை சட்டைப் பைக்குள் கைவிட்டுத் தாளைத் தொட்டார். முத்துவீரன் எழுந்து வந்து அவர் முன்னால் கைகூப்பினார்.

"ஆறு வருஷம் கழிச்சு முறுக்கு கடிச்சேங்க, முதலாளி. அந்தச் சத்தத்த மறந்தே போயிருந்தேன்."

சொல்லிவிட்டு இன்னொரு தடவை கடித்துக் காட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது. செல்லத்துரையின் கை தாளோடு வெளியே வரவில்லை. அவர் கொடுத்த ஒரு பொருளுக்கு யாரும் இதுவரை அழுததில்லை, விலையைக் கேட்டுத்தான் அழுதிருக்கிறார்கள். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். வாசற்படி வரை கூடவே வந்த முத்துவீரன், கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேல் பல்லு மட்டுந்தாங்க வந்திருக்கு. கீழ் பல்லு எப்பங்க போடுவீங்க?"

அன்றிரவு செல்லத்துரை கஞ்சி குடித்துவிட்டு வெகு நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வாயில் தனியாக மிஞ்சியிருந்த கீழ் பல்செட்டை நாக்கால் தடவிப் பார்த்தார். ஜோடி போன பிறகு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு வாய் ரொட்டியைக்கூட அதனால் மெல்ல முடியாது.

சனிக்கிழமை காலை டேங்கை மறுபடி விளிம்பு வரை நிரப்பினார்கள். அரிசியை வெயிலில் காயவைத்திருந்ததால் கதவை இழுத்ததும் தடையில்லாமல் இறங்கியது. மருதாயி வெள்ளனவே வந்து வரிசையில் முதலாவதாக நின்றாள். செல்லத்துரை அவளைக் கையசைத்து மூன்றாவதாக நிற்கச் சொன்னார். அவள் சண்டைக்கு வாயெடுத்தாள். பிறகு விரதக்காரரிடம் சண்டை பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, முணுமுணுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

அவர் ஏணியில் ஏறினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை டேங்கின் நடுவில், மயிரிழை பிசகாமல் நடுவில், போட்டுவிட்டு இறங்கினார். முதலாவது பை நிறைந்தது. இரண்டாவது பை நிறைந்தது. மூன்றாவது பை நிறைந்ததும் மருதாயி அதை அங்கேயே கையால் அழுத்திப் பார்த்தாள். பொட்டலம் தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

அப்போதுதான் செல்லத்துரை வரிசையைக் கவனித்தார். மருதாயிக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், பக்கத்துத் தோட்டம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். ஒருவர் வாயிலும் ஒழுங்கான பல் இல்லை. எல்லோரும் நம்பிக்கையோடு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பாழாய்ப்போன சிரிப்பு அவருக்கும் வந்துவிட்டது. எதையும் யோசிக்காமல் வாயை அகலத் திறந்து சிரித்துவிட்டார்.

வேறு யாரும் பார்க்கவில்லை. மருதாயி பார்த்துவிட்டாள். அவருடைய வெறும் ஈறைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், பிறகு தன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். செல்லத்துரை படக்கென்று வாயை மூடினார். ஷிஹாப் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தார். முப்பது பேர் வரிசையில் இருந்தார்கள். தெஹியோவிட்டயின் வாய் அவருக்கு இரண்டடி முன்னால் நின்றது.

மருதாயி பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு வரிசையின் பக்கம் திரும்பினாள்.

"பரிசு முடிஞ்சிருச்சு. இனிமே அரிசி மட்டுந்தான். வேணுங்கிறவங்க நில்லுங்க, மத்தவங்க வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்க."

பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். போகிற போக்கில் அவர் பக்கத்தில் ஒரு நொடி நின்று, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது செல்லத்துரைக்கு அன்றுதான் தெரிந்தது.

"புதுப் பல்லு கட்டுற வரைக்கும் கஞ்சி நான் காய்ச்சிக் கொண்டாறேங்க. எனக்கு ஆறு வருஷப் பழக்கம்."