பூட்டு அப்புறம்

அலுவலகத்தில் அவளுக்குப் 'பூட்டு' என்று பெயர். பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்க வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கும் இணையதளத்தை அவர்களுடைய கல்வித் துறை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. ஒருவருடைய விண்ணப்பத்தை இன்னொருவர் பார்க்காமல் எங்கே தடுக்கப்போகிறோம் என்று முதல் கூட்டத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே நுழைந்தாலே யாராவது, "பூட்டு வருது, சாவிய ஒளிச்சு வைங்கப்பா" என்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

தளம் பாதி வளர்ந்திருந்தபோது மேனேஜரை உட்காரவைத்துக் காட்டினாள். சோதனைக்காகப் போட்ட விண்ணப்பங்களில் ஒன்றைத் திறந்து, திரையின் மேலே தெரிந்த இணைய முகவரியின் கடைசியில் இருந்த எண்ணில் ஒன்றைக் கூட்டினாள். வேறொரு குடும்பத்தின் விவரம் வந்து நின்றது. பிள்ளையின் பெயர், அம்மாவின் போன், வீட்டு விலாசம்.

"இப்பவே செஞ்சா சுலபம் சார். எல்லாம் முடிஞ்சப்புறம்னா மொத்தத்தையும் பிரிச்சுப் போடணும்."

"அமைச்சர் தேதி குடுத்துட்டார்மா. மொதல்ல ஓடட்டும். பூட்டு அப்புறம் போட்டுக்கலாம்."

அவர் கெட்டவரில்லை. மேலிடத்துத் தொலைபேசி அடித்தாலே எழுந்து நிற்கிற மனிதர், அவ்வளவுதான்.

திறப்பு விழா நடந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அந்த வருடம்தான் அவளுடைய அக்கா, புருஷனின் அடி தாங்காமல் மகளை இழுத்துக்கொண்டு வெளியேறியிருந்தாள். தையல் கடை ஒன்றின் மாடியில் ஒற்றை அறை. அது எங்கே என்று தங்கைக்கு மட்டும்தான் தெரியும். காகித விண்ணப்பத்தை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில்தான் இடம் என்பதால் வேறு விலாசம் போடவும் வழியில்லை.

"போடாதக்கா, கொஞ்சம் பொறு" என்று தள்ளிக்கொண்டே வந்தாள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் வந்தது. அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று மேனேஜர் அடித்துச் சொல்லியிருந்தார். பள்ளிப் பையை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு தன் கையாலேயே விலாசத்தைத் தட்டினாள்.

அடுத்த வாரம் எதுவும் சரியாகவில்லை. அதற்கடுத்த வாரம் புருஷன் வந்து அக்காவின் கதவை உடைத்தான்.

பிடிபட்டபின் போலீசிடம் மறைக்காமல் சொன்னான். அவன் கணினி படித்தவனில்லை, லாரி ஓட்டுகிறவன். தம்பி மகளுக்கென்று முன்பே போட்டிருந்த விண்ணப்பத்தைத் திறந்து, எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறான். பொழுது சாய்வதற்குள் தன் மகளின் பெயர் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அக்காவின் வலது கையில் கட்டு. ஒரு கண் திறக்கவில்லை.

"அவனுக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

தங்கை எதையும் ஒளிக்காமல் சொன்னாள். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாள் தங்கை போனபோது கட்டில் காலியாக இருந்தது. போன் அணைந்திருந்தது.

அலுவலகத்தில் மேனேஜர் முகம் வெளுத்துப்போய், "நம்ம தளத்துலதான் எடுத்தான்னு வெளிய யாருக்கும் தெரியாதுல்ல?" என்றார். சேர்க்கை நடக்கும்போது தளத்தை நிறுத்த முடியாது என்றார்கள். சரிசெய்ய ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு இன்னும் கூடவில்லை. அவள் தினமும் காலையில் எண்ணை மாற்றிப் பார்ப்பாள். யார் வீடோ திறந்துகொள்ளும். அலுவலகத்தில் இப்போது யாரும் அவளைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

பள்ளிகள் திறந்தபின் ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நாங்க நல்லாத்தான் இருக்கோம். எங்கன்னு மட்டும் கேக்காத."

"கேக்கலக்கா. பாப்பா ஸ்கூலுக்குப் போறாளா?"

எதிர்முனையில் பஸ் ஒன்று உறுமிப் போகும் சத்தம் கேட்டது.

"எப்படிடி சேக்கறது?" என்றாள் அக்கா. "விலாசம் கேப்பாங்களே."