பேய்க்குக் கால் அளவு

கோடையில் பேய்ப் படம் மாட்டினால் பார்க்கிறவர்களுக்கு உடம்பு சில்லிட்டுப் புழுக்கம் தணியும் என்று எடோ நகரமே நம்பியது. மரச்செருப்புக் கடை கிஹெய் ஒருபடி மேலே போய், குளிர வருகிற கூட்டம் செருப்பும் வாங்கும் என்று நம்பினான். அதுதான் வினை.

ஓவியர் தெஸ்ஸென் வரைந்த பேய் அப்படியொரு அழகு. அவிழ்ந்த கூந்தல், பால் வெள்ளை முகம், உதட்டோரம் ஒரு சொட்டு ரத்தம். இடுப்புக்குக் கீழே எல்லாப் பேய்களுக்கும் போல வெறும் புகை. ஊரே வந்து நின்று நடுங்கிவிட்டுப் போனது. ஒரு ஜோடிகூட விற்கவில்லை.

"செருப்புக் கடையில போயி காலே இல்லாதவள மாட்டி வச்சிருக்கீங்களே" என்றாள் மனைவி ஒகோமா. "ஓபோன் பண்டிகைக்குள்ள பத்து ஜோடி போகலைன்னா கல்லாவுல நான் உக்காருவேன். நீங்க சோறாக்குங்க."

கல்லாவில் உட்கார்ந்து வம்பளக்காவிட்டால் கிஹெய்க்குப் பொழுதே போகாது. ஓவியரிடம் ஓடினான்.

"அண்ணே, ரெண்டே ரெண்டு கால் போட்டுக் குடுங்க."

"கால் வச்சா அது பேயாடா? பக்கத்து வீட்டுக்காரி. போயிரு."

பண்டிகைக்கு முதல் நாள் பகலில் கூட்டம் சும்மா நின்று நடுங்கிக்கொண்டிருந்தபோது, படத்தில் இருந்தவளே தெருவில் வந்தாள். அதே கூந்தல், அதே முகம், வெறுங்கால். கூட்டம் தெறித்து ஓடியது. எல்லோருக்கும் முந்திய கிஹெய், கடைக்குள் வைக்கோல் மூட்டைக்குப் பின்னால் போய் விழுந்தான்.

வந்தவள் ஓவியரின் மனைவி ஒத்சுனே. "தலைக்குக் குளிச்சு முகத்துக்கு மாவு பூசிக்கிட்டிருக்கேன், எங்க வீட்டுக்காரரு என்னையச் செத்தவளா வரைஞ்சிருக்காருன்னு ஒருத்தி வந்து சொல்றா. ஓடியாந்ததுல செருப்பு வாரும் அந்துபோச்சு. எங்க அந்தப் படம்? கிழிக்கணும்."

ஒகோமா அசரவில்லை. "கிழிக்கலாம், முதல்ல உக்காரும்மா. கால நீட்டு, அளவு பாப்போம்."

சிவப்பு வார் ஜோடியை மாட்டிக்கொண்டு ஒத்சுனே படத்தருகே போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "பாவி, அழகாத்தான் வரைஞ்சிருக்காரு. இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

தெருமுனையில் ஒளிந்திருந்தவர்கள் கண்டது இதுதான்: வெறுங்காலோடு கடைக்குள் போன பேய், சிவப்பு வார்ச் செருப்பு போட்டு டக் டக்கென்று வெளியே வந்தது. பேயே தேடி வந்து வாங்கிய செருப்பு என்று ஊர் மொய்த்ததில், சாயங்காலத்துக்குள் கடையில் சிவப்பு வார் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கிஹெய் வைக்கோலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தான். "பாத்தியா? பத்துக்கு மேலயே போயிருச்சு. நான் ஜெயிச்சுட்டேன்ல?"

ஒகோமா கல்லாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பேய்க்கு வித்தது யாரு?" என்றாள். "அரிசி ஊறுது. போயி அடுப்பப் பத்த வைங்க."