பெட்ரோலில் கிடந்த வேப்பிலை

அசாருதீனின் முகம் நேற்றிலிருந்து கிள்ளான்காரர்களின் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டறை வாசலில் கையில் ஸ்பேனரோடு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்ப்பவனைப் போல நிற்கும் படம். அதன் மேல் யுகேந்திரன் எழுதியிருந்தான்: 'என் ஜெட்ஸ்கியில் தண்ணீர் கலந்த பெட்ரோலை ஊற்றி என்னைக் கொல்லப் பார்த்தவன் இவன்தான். வேலைப் பெர்மிட்டில் வந்தவனை நம்பாதீர்கள்.' முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கீழே வந்து, அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

அவன் வேலை செய்யும் அந்தப் பட்டறையைத் தெலுக் பங்லிமா காராங்கில் நடத்தும் லோகன் அதைக் காலையில் சாமி கும்பிட்ட கையோடு படித்தார். நெற்றியில் திருநீறு காய்வதற்குள் அவருக்கு உடம்பு கொதித்தது. மத்தியானச் சோற்றில் பட்டறைப் பூனைக்கு மீன் எடுத்து வைத்த பிறகே தன் வாயில் வைப்பவன் அசாருதீன். அவனா ஆளைக் கொல்வான்?

யுகேந்திரனுக்கு போன் போட்டார். "வண்டியைக் கொண்டு வா. உன் கண்ணு முன்னாலயே பிரிக்கிறேன்."

கடலில் ஓட்டும் அந்த ஜெட்ஸ்கியை டிரெய்லரில் ஏற்றி, காரில் இழுத்துக்கொண்டு வந்து இறங்கினான் யுகேந்திரன். காரின் முன் சீட்டில் அவன் அம்மா பஞ்சவர்ணம் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். கடலில் வண்டி நின்றுபோன நாளிலிருந்து அவர் மகனைத் தனியே எங்கும் விடுவதில்லை.

"எங்கண்ணே அந்த ஆளு?"

"உள்ளதான் இருக்கான். என்ன நடந்துச்சு, ஒழுங்கா சொல்லு."

"கப்பல் போற பாதையில நின்னுபோச்சு. த்ரோட்டில அமுக்குனா செத்துடுது, விட்டா மட்டும் முணுமுணுங்குது. கண்டெய்னர் கப்பல் ஹாரன் அடிச்சிக்கிட்டே வருது. ஒரு மலாய்க்கார மீனவரு கயிறு போட்டு இழுத்தாரு. இல்லன்னா நீங்க எனக்குப் பதினாறாம் நாளு சாப்பாடு சாப்பிடப் போயிருப்பீங்க."

"நீ பொழச்சது சாமி புண்ணியம். அதுக்கு இவன் பேரைக் கெடுக்கணுமா?"

அசாருதீன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். யுகேந்திரன் அவனைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீ எப்படி ஊத்துன?" என்று லோகன் கேட்டார்.

"சுத்தமான டின்னுதான் பாஸ். வாயில துணி கட்டி வடிகட்டித்தான் ஊத்துனேன்."

லோகன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். நுனியில் நீர்த்துளிகள் நின்றன. டேங்கின் அடியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி, கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து மேசைமேல் வைத்தார். சிறிது நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. மேலே பெட்ரோல், கீழே கலங்கிய தண்ணீர்.

"விடுங்க லா, இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?" என்றான் யுகேந்திரன்.

லோகன் அசாருதீனைத் திரும்பிப் பார்த்தார். அவன் பாட்டிலைப் பார்க்கவில்லை, வெளியே நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து கார்புரேட்டர். மூடியைக் கழற்றியதும் உள்ளே நகத்தளவு சல்லடை. அதன்மேல் சாம்பல் நிறத்தில் சேறு அப்பியிருந்தது.

"சிமெண்டு. சிமெண்டையும் கலந்திருக்கான். இது திட்டம் போட்டுச் செஞ்ச வேலைண்ணே."

லோகன் அதை இரு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். சிமெண்டு இப்படி வழுவழுக்காது. தினமும் காலையில் அவர் விரல்கள் தொடும் மென்மை அது. நீண்ட இடுக்கியை டேங்குக்குள் விட்டுத் துழாவினார். ஓர் இலை வந்தது. கறுத்துப் போயிருந்தாலும் ஓரத்து ரம்பப் பற்கள் அப்படியே இருந்தன. வேப்பிலை.

"அசார், உனக்குத் தெரியுமா இது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னிக்கு வண்டி எடுக்க வந்தப்ப அந்த அம்மா, மூடி இறுக்கமா இருக்கு, தொறந்து குடு தம்பின்னாங்க. டேங்கு வாயில கொஞ்சம் திருநீறு பூசுவாங்கன்னு நெனச்சிட்டு நான் டிரெய்லர் கட்டப் போயிட்டேன். இப்ப பாட்டிலப் பாத்ததும்தான் புரிஞ்சுது."

"புரிஞ்சும் ஏன்டா வாயத் தொறக்கல?"

"எங்க உம்மா வயசு பாஸ். பெத்த புள்ள சாகக் கெடந்தது தன்னாலதான்னு தெரிஞ்சா தாங்குவாங்களா?"

கார்க் கதவு திறந்தது. பஞ்சவர்ணம் மெல்ல நடந்து வந்து, லோகனின் உள்ளங்கையில் இருந்த இலையைப் பார்த்தார்.

"இது நம்ம அம்மன் கோயில் வேப்பிலை. ஏம்ப்பா வெளிய எடுத்துட்டீங்க?"

"நீங்க என்னக்கா ஊத்துனீங்க?"

"தீர்த்தம்பா. திருநீறு கரைச்சு. டிரெய்லர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க விடல இவன். சந்தனம் பூசுனா பெயிண்டு போயிரும்னான். வெளியிலதான கூடாதுங்கறான், உள்ள ஊத்துனா யாருக்குத் தெரியும், ஆத்தா இவன்கூடவே போவாளேன்னு..." பாட்டிலைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "தீர்த்தத்தைத் தண்ணின்னு நான் நெனைக்கவே இல்லையேப்பா."

"அறிவிருக்காம்மா உனக்கு?" யுகேந்திரன் பாய்ந்தான். "உன்னால நான் செத்திருப்பேன்."

லோகன் இடுக்கியை மேசைமேல் ஓங்கி வைத்தார். "சத்தத்தைக் குறை. அவங்க உன்னைக் காப்பாத்தணும்னு தப்புப் பண்ணாங்க. நீ யாரைக் காப்பாத்த அந்தப் படத்தைப் போட்ட? ஒருத்தரையாவது கேட்டியா? இவன் மூஞ்சி கெடச்சுது, போதும். அப்படித்தானே?"

"என்ன படம்?" என்றார் பஞ்சவர்ணம்.

லோகன் கைப்பேசியைக் காட்டினார். பஞ்சவர்ணம் எழுத்துக்கூட்டி, கடைசி வரி வரை படித்தார். "மூடி தொறந்து குடுத்த தம்பியா இது?" என்று மகனைக் கேட்டார்.

"ஓகே லா, அழிச்சிடறேன்," என்று அவன் கைப்பேசியை எடுத்தான்.

"அழிச்சாப் போதாதுண்ணே." அசாருதீன் ஓரடி முன்னால் வந்தான். அவன் கோபப்பட்டு லோகன் பார்த்ததில்லை. "எங்க ஊரு ஆளுங்க மஸ்ஜித் இந்தியா தெருவுல துணிக்கடையில இருக்காங்க. பாத்துட்டு எங்க வாப்பாவுக்கு போன் போட்டுட்டாங்க. அவர் ராத்திரி பூரா தூங்கல. அழிச்சா அவரு கேட்டது இல்லைன்னு ஆயிடுமா? அதே படத்தப் போடுங்க. கெட்டதுக்கு மொகத்தப் போட்டீங்க, இப்ப பேரையும் போடுங்க. அசாருதீன், ஊரு தொண்டி. இவன் மேல தப்பில்லன்னு எழுதுங்க."

"எங்கம்மா பண்ணதுன்னு ஊருக்கே சொல்லணுமா?"

"அவங்கள எதுக்கு எழுதறீங்க? எங்க வீட்டுத் தப்புன்னு எழுதுங்க. போதும்."

யுகேந்திரன் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். பிரித்த கார்புரேட்டர் தட்டில் கிடந்தது. "நீ முடிச்சாத்தான் இது வண்டியில ஏறும்," என்றார் லோகன். எழுதியதை வாங்கிப் படித்து, அசாருதீனிடம் நீட்டினார். அவன் படித்துவிட்டுத் தலையசைத்தான். "வாப்பாவுக்கு அனுப்பிடறேன்," என்று மட்டும் சொன்னான்.

யுகேந்திரன் ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல," என்றார் பஞ்சவர்ணம்.

"மன்னிச்சிரு அசார்னேன்."

பிறகு டேங்கைக் காலி செய்து கழுவி உலர்த்தினார்கள். சல்லடையைத் துலக்கிக் காற்றடித்து, புதுப் பெட்ரோல் ஊற்றினார்கள். குளிர்விக்கத் தண்ணீர்க் குழாயை மாட்டிவிட்டு த்ரோட்டிலை அமுக்கியபோது இஞ்சின் சாகவில்லை, உறுமியது.

பஞ்சவர்ணம் புடவைத் தலைப்பில் முடிந்திருந்த திருநீற்றுப் பொட்டலத்தை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். அசாருதீன் பார்த்துவிட்டான். வண்டியின் பளபளக்கும் முகப்பைத் தொட்டுக் காட்டினான்.

"இங்க பூசுங்கம்மா. உள்ள நான் பாத்துக்கறேன்."

யுகேந்திரன் வாயைத் திறந்தான். அம்மா அவனைத் திரும்பிப் பார்க்காமல், புதுப் பெயிண்டின் மேல் மூன்று விரலால் அழுத்தி, நீளமாக இழுத்தார்.