கையெழுத்து வைக்காத கடிதம்

ரூ பிலிப்-து-ஜிரார் என்ற பிரெஞ்சுத் தெருவில் குணரத்தினத்தின் பலசரக்குக் கடைக் கண்ணாடி இரண்டு வருடத்துக்குள் இரண்டு தரம் உடைந்தது. மூன்றாம் தரம் வாசலில் யாரோ குப்பைத் தொட்டிக்கு நெருப்பு வைக்க, பெயர்ப்பலகையும் கருகியது. பட்ட காலிலேயே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? காப்புறுதிக் கொம்பனி கும்பிடு போட்டு விலகிக்கொண்டது. மற்றக் கொம்பனிகள் "அந்தத் தெருவா?" என்று ஃபோனிலேயே கையை விரித்தன.

கட்டிடச் சொந்தக்காரர் ஆள் அனுப்பி நேரே கையில் நோட்டீஸ் கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் காப்புறுதிப் பத்திரம் காட்டாவிட்டால் கடை ஒப்பந்தம் ரத்து. பதினெட்டு வருடக் கடை.

மிஞ்சியது ஒரே வழி. யாரும் சேர்க்காதவர்களை ஏதாவது ஒரு கொம்பனியின் தலையில் கட்டிவைக்க ஓர் அலுவலகம் உண்டு. அதற்கு ஒரு கொம்பனியாவது எழுத்தில் மறுத்திருக்க வேண்டும். மறுப்பு வந்து பதினைந்து நாளுக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் தாட்சாயினி நோட்டீஸ் கிடைத்த அன்றே ஒரு கொம்பனிக்கு எழுதிப் போட்டாள். மறுப்புக் கடிதம் வரவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்த மனிதர் குணரத்தினம் ஒருவராகத்தான் இருக்கும். அது சாதாரணத் தபாலில் பெட்டிக்குள் விழும் என்றே அவர் நினைத்திருந்தார்.

இருபத்தாறாம் நாள் தாட்சாயினி கொம்பனிக்கு ஃபோன் எடுத்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் கறுத்தது.

"அண்ணை, அவை உடனையே பதிவுத் தபாலிலை மறுத்துப் போட்டினமாம். ஆள் இல்லையெண்டு கடையிலை ஆரோ சொல்லியிருக்கினம். கடிதம் திரும்பிப் போட்டுது. அது கடைக்கு வந்த நாளிலையிருந்து இண்டைக்குப் பதினெட்டு நாள், பதினைஞ்சு நாள் தவணை தாண்டிட்டுது."

 அந்த ஆரோ குணரத்தினமேதான்.

அகதி வழக்குக் காலத்தில் முந்தி வந்தவர்கள் படிப்பித்த பாடம் அது. பதிவுத் தபாலில் நல்ல சேதி வராது, நாட்டைவிட்டுப் போ என்றுதான் வரும். கையெழுத்து வைக்காதே, ஆள் இல்லை என்று சொல். ஆறு வருடம் அப்படித்தான் தப்பினார். பிறகு விசா கிடைத்தது, குடியுரிமையும் கிடைத்தது, பயம் மட்டும் போகவில்லை. அன்று புதிதாக வந்த தபால்காரி "முசியே குணரத்தினம்?" என்றதும், வெண்டிக்காய் நிறுத்தபடியே தன் வாயாலேயே "அவர் இல்லை" என்றார். தபாலகத்தில் வந்து கடிதத்தை எடுக்கச் சொல்லி அவள் விட்டுப்போன துண்டுச் சீட்டையும் கிழித்தெறிந்து, தப்பினேன் என்று மூச்சு விட்டார், பாவி மனிதர்.

"வேறை கொம்பனியிட்டைக் கேக்கேலாதோ, பிள்ளை?"

"கேக்கலாம். மறுப்பு வரவே ஒரு கிழமை, ஏழெட்டு நாள் செல்லும். உங்களுக்கு நாலு நாள்தான் கிடக்கு."

கடைக்கு வந்து மனைவி சிவமணியிடம் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். ஏசுவாள் என்று காத்து நின்றார். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் ஃபோனை எடுத்து, மரக்கறி இறக்கும் கரிகாலனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, வெள்ளிக்கிழமை முருங்கைக்காய் போடாதையும். ஓம்... அடுத்த கிழமையும் வேண்டாம்." அவன் ஏதோ பதறிக் கேட்டான்.

"சீச்சீ, உம்மடை சாமானிலை ஒரு பிழையுமில்லை," என்றாள் சிவமணி. "எங்களுக்கு இனிக் கடை இல்லை."