பக்கத்துச் செடி

அந்த மழைக்காலத்தில் கருகல் நோய் தக்காளிக்கு வரவில்லை; தையல்காரரின் வீட்டுக்கு வந்தது. சமையலறைச் சுவரில் மஞ்சள் விளிம்பு கட்டிய பழுப்புப் புள்ளிகள் தோன்றின. அவர் இரண்டு முறை வெள்ளையடித்தார். புள்ளிகள் வெள்ளைக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஈரமான காலைகளில் கூரையின் அடிப்பக்கம் வெண்பொடி பூத்தது. மழை முடிவதற்குள், சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் அழுகிய பழம்போல உள்ளே போனது.

ஊர் விளிம்பில் நாற்றுப் பண்ணை வைத்திருந்தவளைக் கூட்டிவந்து காட்டினார்கள். முகர்ந்து பார்த்ததுமே அது கருகல்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பண்ணையில் இதற்கு ஒரே வழிதான். கருகிய செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும். அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும் செடிகள் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அவற்றையும் எரிக்க வேண்டும். அதில் அவள் ஈவிரக்கம் பார்க்காதவள். ஆனால் தையல்காரரின் வீடு தெருமுனையில் இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு நின்றது ஒரே ஒரு வீடு, அவளுடைய தங்கையின் வீடு. தங்கை அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

“இவர் வீட்டை மட்டும் இடிச்சு எரிச்சாப் போதும்,” என்றாள்.

அடுத்தவன் வீடு என்றால் தெருவுக்குக் கடப்பாரை கனப்பதே இல்லை. ஒரே பகலில் வேலை முடிந்தது. தையல் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போக்கிடமில்லாமல் நின்றவருக்கு, மனசு உறுத்தி, அவளே பண்ணைக் கொட்டகையில் இடம் கொடுத்தாள். அவர் அங்கே உட்கார்ந்து தைத்தார். ஒருநாள் தக்காளி நாற்று ஒன்று கருகியிருந்தது. அவள் பழக்கதோஷத்தில் அதன் இரு பக்கத்து நாற்றுகளையும் சேர்த்துப் பிடுங்கி நெருப்பில் போட்டாள். மெஷின் சத்தம் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெஷின் மறுபடி ஓடியது.

கருகல் சும்மா இருக்குமா? தங்கை வீட்டுச் சுவரில் ஏறி, அடுத்த வீட்டுக்குத் தாவி, தெரு முழுக்கப் பரவியது. எதை இடிப்பது என்று இப்போது யாரும் கேட்கவில்லை. தொய்ந்த சுவர்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். வாசலைப் பெருக்கும்போதே கூரையின் வெண்பொடியையும் பெருக்கித் தள்ளப் பழகிக்கொண்டார்கள்.

தங்கைக்குக் குழந்தை கொழுகொழுவென்று பிறந்தது. கழுத்தில், இடது காதுக்குக் கீழே, ஒரு பழுப்புப் புள்ளி. சுற்றிலும் மஞ்சள் விளிம்பு.

“உனக்குத் தெரியும்லக்கா. என்ன செய்யணும், சொல்லு,” என்றாள் தங்கை, குழந்தையை நெஞ்சோடு இறுக்கியபடி.

அக்காவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது நினைவுக்கு வந்தபோது தன் கைகளைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“ஒண்ணும் செய்ய வேணாம். இங்க குடு.”

வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள், கழுத்தோடு கழுத்துப் படும்படியாக. அது தூங்கிய பிறகும் இறக்கவில்லை. மறுநாள் காலையில் அவள் கழுத்திலும் புள்ளி வந்திருந்தது.

கொட்டகையில் தையல்காரர் அதைப் பார்த்தார்.

“பக்கத்துச் செடி,” என்றார்.

அவள் தலையாட்டினாள். அவர் நாடாவை எடுத்து அவள் கழுத்தை அளந்தார்.

“காலரை ரெண்டு விரல் தூக்கித் தச்சாத் தெரியாது. குழந்தைக்கும் சேத்தே தச்சிடறேன்.”

அப்போதுதான் அவருடைய சட்டையைக் கவனித்தாள். அதன் காலர் எப்போதிருந்தோ உயரமாகத்தான் இருந்தது.

இப்போது அந்தத் தெருவில் எல்லோருக்கும் காலர் உயரம்தான். வெயில் காலத்தில் கொஞ்சம் வேர்க்கும்.