பத்து நிமிட நடை

1.
இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவன் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவன். பன்னிரண்டு வருட அனுபவம், வாய்க்கொழுப்பு அதற்கும் மேல். அவனைக் கொண்டுவர மூன்று தொடக்கங்கள் எழுதிக் கைவிட்டேன். ஒன்று மட்டும் கிடக்கட்டும்:

'அழித்த கோப்பு உடனே அழிவதில்லை, அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்காரும்வரை...'

(பாடம் நடத்துவதுபோல் இருக்கிறது. ஆனாலும் தேவைப்படும்.)

2.
அவனுடைய அப்பா பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். பக்கவாதத்துக்குப் பின் அவரிடம் மிஞ்சியது 'ஆமா' என்ற ஒரே சொல். பசிக்குதா என்றாலும் ஆமா, பசிக்கலையா என்றாலும் ஆமா. பழைய குரலைக் கேட்கவைத்தால் பேச்சு திரும்பலாம் என்றார் பயிற்சி கொடுப்பவர். அவருடைய அறிவிப்புகளின் பதிவுகள் அக்காவின் லேப்டாப்பில் இருந்தன. இடம் போதவில்லை என்று அவள்தான் தெரியாமல் அழித்திருந்தாள்.

"எடுத்துடலாம் இல்லடா?"

"நான் இருக்கேன்ல, விடுக்கா."

3.
அழிந்த கோப்புகளைத் தேடியெடுக்கும் மீட்புச் சிஸ்டத்தைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்ப வேண்டும். பென் டிரைவ் அவனுடைய கடையில் கிடந்தது. பத்து நிமிட நடை, நல்ல வெயில். அவன் சோம்பல்பட்டு, மீட்புச் சிஸ்டத்தின் இமேஜ் கோப்பை அக்காவின் ஹார்ட் டிஸ்க்கிலேயே இறக்கி, அங்கிருந்தே கிளப்பினான். ஜம்மென்று கிளம்பியது. தேடும்போதுதான் உறைத்தது. நாலு ஜிபி இமேஜ் போய் உட்கார்ந்திருந்தது அப்பாவின் குரல் இருந்த இடத்தில். மிஞ்சியது இரண்டு விநாடி: 'பயணிகளின் கவ—'

நான் அப்போது — (இந்த வாக்கியம் வேண்டாம்.)

4.
"கிடைக்கலக்கா. நீ அழிச்சப்பவே போயிடுச்சு."

அக்கா அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள். "எல்லாம் என்னாலதானேப்பா?"

"ஆமா," என்றார் அப்பா.

அவரால் வேறெதுவும் சொல்ல முடியாது என்று அக்காவுக்குத் தெரியும். இருந்தும் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவன் லேப்டாப்பை மூடினான்.

5.
அவன் அன்றே உண்மையைச் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். நடக்காததை எழுதக் கை கூசியது. பஸ் நிலையத்தில் பழைய ஒலிநாடா கிடைப்பதாக இன்னொன்று. அது வெறும் ஆசை. போய்க் கேட்டேன், இல்லை என்றார்கள்.

(ஆம், கேட்டேன். 'அவன்' என்று எழுதி எழுதி அலுத்துவிட்டது.)

அக்கா, 'அப்பா குரல்' என்று உன் லேப்டாப்பில் மறுபடியும் ஒரு ஃபோல்டர் போட்டிருக்கிறேன். உள்ளே அந்த இரண்டு விநாடியும் இந்தக் கதையும் இருக்கும். இந்த முறை பென் டிரைவில் கொண்டுவந்தேன். படித்ததும் அப்பாவிடம் கேள்: "எல்லாம் தம்பியாலதானேப்பா?"

அவர் சொல்வதையே முடிவாக வைத்துக்கொள்.