கடைக்குச் சொந்தமான கழுத்து

"நாம விக்கிறது செண்ட் இல்லை, கௌரவம்" என்பார் மேனேஜர், கடை திறந்ததும் திறக்காததுமாக. அந்தக் கௌரவத்தை விற்பனைப் பெண்கள் கழுத்தில் இரண்டு தரம் அடித்துக்கொண்டுதான் கவுண்டரில் நிற்க வேண்டும். விலையைக் கேட்டவர்கள் முகம் வெளுத்துக் கிளம்பிவிடுவார்கள். மணம் மட்டும் கிளம்பாது.

அவள் அங்கே விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்தபோது குழந்தைக்கு நாலு மாதம். பகலெல்லாம் வீட்டிலேயே தையல் மெஷின் ஓட்டும் அவள் புருஷனிடம் இருக்கும். சாயங்காலம் அவள் வந்து தூக்கியதும் கழுத்தில் மூக்கைப் புதைத்துக்கொண்டு தூங்கிவிடும்.

ஒரு விடுமுறை நாள், தலைக்குக் குளித்துவிட்டு ஆசையாகத் தூக்கினாள். பிள்ளை பிடிக்கிறவள் கையில் மாட்டியதுபோல் குழந்தை அலறி ஊரைக் கூட்டியது.

"நீ யாருன்னு கேக்குறா" என்ற புருஷன், அழுக்குக் கூடையிலிருந்து செண்ட் மணக்கும் அவளுடைய யூனிஃபார்ம் கோட்டை எடுத்து அவள்மேல் போர்த்தினான். அழுகை நின்றது. அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்றவளை விட்டுவிட்டுப் பாட்டிலை அல்லவா நினைவு வைத்திருக்கிறது!

"பேசாம ஒரு பாட்டில் வாங்கிடுவோமா?"

"என் சம்பளத்துக்கு மூடிதாங்க வரும்."

அந்த வாரமே அவளைக் கைக்கடிகாரப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே செண்ட் கூடாது. மேனேஜர் முன் போய் நின்றாள்.

"சார், அடிச்சுக் காட்டுற டெஸ்டர் பாட்டில் அடியில கொஞ்சம் இருக்கு. எனக்குக் குடுங்களேன். குழந்தைக்கு..."

"குழந்தைக்கா? கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்மா. ஸ்டாஃப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சா சரக்குக்கு என்ன மரியாதை?"

"இத்தனை நாளும் என் கழுத்துலதானே சார் இருந்துச்சு?"

"டியூட்டி நேரத்துல அது கடையோட கழுத்தும்மா."

சொல்லிவிட்டுத் தன் டையை இறுக்கிக்கொண்டார். அந்தக் கழுத்து யாருடையது என்று கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. வேலையை நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் வியர்வையும் பஸ் புழுதியுமாக வந்து தூக்கினாள். குழந்தை மோந்து பார்த்தது, முகத்தைச் சுளித்தது, ஆரம்பித்தது. புருஷன் கோட்டை நீட்டினான்.

"வேண்டாங்க. அதுல இருக்குறது எத்தனை நாளைக்கு வரும்? நான்தானே கடைசி வரைக்கும் வரணும்."

அறைக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். குழந்தை முதுகை வளைத்தது, காதைப் பிய்த்தது, முடியைப் பிடித்து இழுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். கால் கடுத்தது. நடந்தாள். அழுது அழுது தொண்டை கம்மி, கடைசியில் ஒழுகும் மூக்கை அவள் கழுத்தில் அழுந்தத் தேய்த்துவிட்டு, அங்கேயே முகத்தைப் புதைத்தது. மூச்சு சீரானது.

துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

"சளியால முத்திரை குத்திட்டா" என்றான் புருஷன், குரலைத் தாழ்த்தி. "இனிமே உன்னை எந்தக் கடையிலயும் விக்க முடியாது."